பால் மறந்த சாமுவேல்

எங்கள் சபையில் சாமுவேல்களுக்குக் குறைவில்லை. ஞானஸ்நானப் பதிவேட்டை எழுதுகிறவள் நான். போன மாதமும் ஒரு சாமுவேல் வந்தான். அதற்கு முதல் மாதம் நிலாவெளியிலிருந்து இரண்டு பேர். எழுதி எழுதி அலுத்துவிட்டது. ஆனாலும் வேறு பெயர் பாருங்கள் என்று எந்தத் தாயிடமும் சொல்ல வாய் வருவதில்லை. பிள்ளையில்லாத அன்னாள் அழுது கேட்டுப் பெற்ற மகனுக்கு வைத்த பெயர் அது. இங்கேயும் கேட்டுக் காத்திருந்து பெற்றவர்கள்தான் அதை வைக்கிறார்கள்.

என் தம்பியும் சாமுவேல்தான். எனக்கும் அவனுக்கும் இடையில் அம்மா இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்திருந்தார். அவன் பிறந்தபோது எனக்கு எட்டு வயது. ஓய்வுநாட் பாடசாலையில் மீதிக் கதையைக் கேட்கும்வரை அந்தப் பெயரில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பால் மறக்கப் பண்ணியதும் அன்னாள் பிள்ளையை ஆலயத்தில் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டாளாம். ரீச்சர் அதைச் சிரித்த முகத்தோடு சொன்னார். நான் வீட்டுக்கு ஓடிப்போய்த் தம்பி இருக்கிறானா என்று பார்த்தேன்.

துறைமுகத்தில் மூட்டை இறக்கும்போது விழுந்த அப்பா, இடுப்பு முறிந்து படுக்கையில் கிடந்த காலம் அது. தம்பிக்கு ஒரு வயது முடிந்த கையோடு அம்மா மார்பில் வேப்பெண்ணெய் பூசத் தொடங்கினார். அவன் வாய் வைத்துவிட்டு வீரிட்டு அழுவான். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். மூன்றாம் நாள் அவன் கேட்பதை விட்டுவிட்டான். நான்காம் நாள் போதகர் வந்து கதிரையில் உட்கார்ந்தார். அம்மா தம்பிக்குப் புதுச்சட்டை போட்டுவிட்டார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். என் கண்ணுக்குப் போதகர். தம்பியைத் தூக்கிக்கொண்டு கக்கூசுக்குள் ஓடித் தாழ்ப்பாளைப் போட்டேன்.

“கதவைத் திற பிள்ளை. ஐயா எவ்வளவு நேரம் பாத்துக்கொண்டு இருக்கிறது?” என்றார் அம்மா.

“ஏலாது. பால் மறக்கப் பண்ணினது ஏனெண்டு எனக்குத் தெரியும். தம்பியைக் கோயிலுக்குக் குடுக்கப் போறீங்கள்.”

போதகர் சிரித்தது கேட்டது. அம்மா சிரிக்கவில்லை. களைத்த குரலில் சொன்னார்: “தம்பியை ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன். அவன் இஞ்சதான் இருப்பான். நீதான் அவனைப் பாக்கவேணும், ஓமோ?”

ஓம் என்று கதவைத் திறந்தேன். வென்றுவிட்டதாகவே நினைத்தேன்.

போதகர் எங்களை முழங்காலில் நிற்கச் சொல்லி ஜெபித்தார். கடல் கடந்து போகிறவரைக் காக்கவேண்டும் என்றார். கடல் கடப்பதென்றால் எனக்கு அக்கரைக்குப் போய் அன்றே திரும்பும் மூதூர்ப் படகுதான். படுத்திருந்த அப்பா முகத்தை மூடிக்கொண்டார். மறுநாள் விடிய அம்மா கொழும்பு பஸ் ஏறினார். அங்கிருந்து குவைத்துக்கு, யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளைகளைப் பார்க்க. இன்றைக்கும் அந்த ஜெபத்தை நினைத்தால் எனக்கு என்மேலேயே கோபம் வரும். அது முடியும்வரை நான் கண்ணை மூடவேயில்லை. போதகர் பறித்துவிடாதபடி தம்பியின் காலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன். அம்மா என் பக்கத்தில்தான் முழங்காலில் நின்றார். பிடிக்கவேண்டியது அவரை என்று எனக்குத் தெரியவில்லை.