கழுவாத சக்கரம்

சிங்கப்பூர் தேக்காவில் எந்தக் குழந்தை வீறிட்டு அழுதாலும் பூக்கடைக் கமலாவைத்தான் கூப்பிடுவார்கள். உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவதில் அவளுக்கு அப்படியொரு கைராசி. வாய் கொஞ்சம் நீளம். அதை அவளே ஒப்புக்கொள்வாள். இப்பேர்ப்பட்டவள் தன் புருஷனைத் தானே ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தாள் என்றால் யார் நம்புவார்கள்?

அது 1958. சிராங்கூன் ரோட்டில் அவள் புருஷன் மருதப்பன் ஓட்டிவந்த சரளைக்கல் லாரி நிற்காமல் போய், ஒரு சைக்கிள்காரரின் காலை முறித்துவிட்டது. பிரேக் பிடிக்கவில்லை என்றான் மருதப்பன். "தூங்கிட்டே ஓட்டியிருக்கான்" என்றார் லாரி முதலாளி வேலாயுதம். அதையே ஆளாளுக்குச் சொல்லிச் சொல்லி, ஜாமீனில் வீட்டுக்கு வந்தவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"ஒருவேளை கண்ணசந்துட்டேனோ, கமலா? கோர்ட்ல குத்தத்தை ஒத்துக்கிட்டுப் போயிடுறேன்."

கமலா விடுவாளா? லாரிக்குக் கண் பட்டுவிட்டது என்று முடிவு கட்டினாள். முதலாளியின் கொட்டகையில் நிற்கும் லாரியை மஞ்சள் தண்ணீரில் கழுவிப் பூசணிக்காய் உடைக்கும்படி தோழி பூவம்மாவை அனுப்பினாள். முதலாளி மறுபேச்சுப் பேசாமல் சம்மதித்தார். என்ன நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டே வக்கீல் ஏரம்பமூர்த்தியிடம் ஓடினாள்.

யாழ்ப்பாணத்துக்காரரான வக்கீல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இப்ப லாரி எங்க நிக்குது?" என்றார்.

"கொட்டகையிலதான், ஐயா. பூவம்மா கழுவிக்கிட்டு இருப்பா."

அவர் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். "கழுவுறாவோ? ஐயோ பிள்ளை! பிரேக் குழாய் உடைஞ்சிருந்தா எண்ணெய் சக்கரத்தில வழிஞ்சிருக்கும். உங்கட மனுசனுக்கு இருக்கிற ஒரே சாட்சி அதுதான்!"

கமலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுநாள் வரவேண்டிய வாகனப் பரிசோதகரை உடனே வரச்சொல்லி வக்கீல் தொலைபேசியில் கத்த, இருவரும் டாக்சியில் பறந்தார்கள். "சீக்கிரம் போங்க லா!" என்று கமலா வழி முழுக்க டிரைவரின் உயிரை வாங்கினாள்.

கொட்டகையில் லாரியின் முகப்பு பளபளவென்று மின்னியது. பூவம்மா அடுத்த வாளியை முன்சக்கரத்துக்கு நேராக ஓங்கியிருந்தாள்.

"ஊத்தாதடி!"

கமலா பாய்ந்து வாளியைப் பறித்தாள். மஞ்சள் தண்ணீர் மொத்தமும் வக்கீலின் வெள்ளைக் கோட்டில் விழுந்தது. அவர் அதைக் கண்டுகொள்ளாமல் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். கறுப்பாக எண்ணெய் வழிந்த தடம் அப்படியே இருந்தது! கமலாவுக்குச் சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை.

வேலாயுதம் தண்ணீர்க் குழாயோடு வந்தார். "என் லாரி, நான் கழுவுவேன். நகரு!"

அப்போதுதான் அந்த நல்ல மனுஷனின் லட்சணம் அவளுக்குப் புரிந்தது. சக்கரத்தை மறைத்துக்கொண்டு சட்டமாக உட்கார்ந்தாள். "என்னையும் சேர்த்துக் கழுவுங்க, மொதலாளி."

பரிசோதகர் வரும்வரை அவள் அசையவில்லை. லாரிக்கு அடியில் புகுந்தவர், ரப்பர் துண்டு சுற்றிக் கம்பியால் கட்டியிருந்த பழைய பிரேக் குழாயைக் கழற்றி எடுத்தார். அது விரிசல் விட்டுக் கிடந்தது.

நீதிமன்றத்தில் அவர் அதைக் காட்டிச் சாட்சி சொன்னார். நீதிபதி ஆங்கிலத்தில் ஏதோ பேசினார். டிரைவர் தூங்கவில்லை, குற்றம் பழுதான குழாய் மேல், விடுதலை என்று மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னதும் கமலா பெஞ்சை விட்டு எம்பிக் குதித்தாள்.

மருதப்பன் மட்டும் கூண்டை விட்டு இறங்கவில்லை. கம்பியைப் பிடித்தபடி மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தான்.

"நான் தூங்கலைன்னு சொன்னாரே, அதை இன்னொரு தரம் சொல்லுங்கய்யா."