கிணற்றுக்குள் இறக்கின கன்று

எனக்கு நாலாம் கிளாஸ் வரைதான் படிப்பு. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அப்போது எங்கள் ராஜ்யத்துக்குத் திருக்கொச்சி என்று பெயர். நாங்கள் அதன் தலைநகரத்தில், வலியசாலையில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்குப் பழவங்காடிப் பக்கம் ஒரு காபி ஹோட்டலில் சமையல் வேலை. பிள்ளை குட்டி கிடையாது. ஒரு பசு இருந்தது. அதற்கு நாற்பது நாள் கிடேரிக் கன்று.

பசு என் கைக்குத்தான் பால் விடும். வேறு யார் மடியில் கை வைத்தாலும் அடக்கிக்கொள்ளும். இன்னொரு குணமும் அதற்கு உண்டு. கன்றைக் கண்மறைவாகக் கொண்டுபோனால் கத்தும். தெருக்கோடி வரை கேட்கும். கண்ணிலிருந்து நீர் வழியும். முந்தின ஈற்றுக் கன்று எட்டாம் நாள் செத்துப்போனதிலிருந்து இப்படி. அந்தத் தடவை பதினோரு நாள் அது தீனி எடுக்கவில்லை. விலா எலும்பை எண்ணலாம் போல ஆகிவிட்டது. இந்தக் கன்றுக்கும் ஏதாவது ஆனால் பசுவும் பிழைக்காது என்று எனக்குத் தெரியும். அதனால் கன்றை என் கண்ணிலிருந்து விலக்குவதில்லை.

ஒரு நாள் சாயங்காலம் அவர் ஹோட்டலிலிருந்து வந்ததும் பசுவின் பக்கத்தில் போய் நின்றார். அதை அவர் தடவிக்கொடுத்து நான் பார்த்ததில்லை. அன்று தடவினார். விஷயம் என்ன என்று கேட்டேன். வடக்கேயிருந்து ஒரு சினிமாக் கம்பெனி வந்திருக்கிறதாம். கழக்கூட்டம் போகிற வழியில் ஒரு பழைய பங்களாவை வாடகைக்கு எடுத்துப் படம் பிடிக்கிறார்களாம். டைரக்டர் தினமும் ஹோட்டலுக்கு வந்து இவர் கை ரவா தோசைதான் சாப்பிடுகிறாராம். படத்தில் கன்று கிணற்றில் விழுந்துவிடுகிறது, தாய்ப்பசு கரையில் நின்று அழவேண்டும், எந்தப் பசுவும் அழமாட்டேன் என்கிறது என்று சொன்னாராம்.

"நம்மாத்துப் பசு அழும்னு பறஞ்சுட்டேன்" என்றார். "நாளைக்குக் காலம்பற லாரி வரும். வாக்குக் குடுத்தாச்சு."

கன்றைக் கிணற்றில் போடுவார்களா என்று கேட்டேன். அதற்கு வைக்கோல் அடைத்த பொம்மைக் கன்று வைத்திருக்கிறார்கள், நம்முடையது சும்மா பக்கத்தில் நின்றால் போதும் என்றார். பேசி அவர் வாக்கை மாற்றினவள் இல்லை நான்.

காலையில் கறக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மடி கனத்தால் பசு கன்றை அதிகம் தேடும் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எதிர்வீட்டு மாமி லாரியைப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"என்னடி, உங்காத்து மாட்டுப்பொண் சினிமாவிலே நடிக்கப் போறாளாமே?"

தெருவே சிரித்தது. நான் புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு, கன்றை மடியில் வைத்துக்கொண்டு லாரியில் உட்கார்ந்தேன். பசு வழியெல்லாம் என் தோளில் மூச்சு விட்டுக்கொண்டு நின்றது.

பங்களாவுக்குப் பின்னால் கிணறு. நல்ல ஆழம். தண்ணீர் கறுப்பாகக் கிடந்தது. கைப்பிடிச் சுவரில் ஒரு இடத்தில் இரண்டு செங்கல் பெயர்ந்து ஓட்டை இருந்தது. எதிர்ப்பக்கம் காமிரா. தகடு ஒட்டின பலகைகளை வைத்து வெயிலைத் திருப்பிப் பசுவின் முகத்தில் அடித்தார்கள். அது தலையைத் தலையை ஆட்டியது.

கம்பெனிக்காரர்கள் எல்லாரும் மலையாளம். என்னை அம்யாரே என்று கூப்பிட்டார்கள். எங்கள் ஜாதிப் பெண்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுவது. நல்ல மாதிரியாகத்தான் பேசினார்கள். பசுவுக்குக் குடை பிடித்தார்கள். நாயிகைக்கு இந்தக் கவனிப்பு இல்லை கேட்டோ அம்யாரே என்று ஒருவர் சொன்னார். கதாநாயகி நாற்காலியில் விசிறிக்கொண்டு இருந்தாள். அவளும் சிரித்தாள்.

முதலில் பொம்மைக் கன்றைக் கொண்டுவந்தார்கள். நிஜக் கன்றுத் தோலில் வைக்கோல் அடைத்தது. கண்ணுக்குக் கோலிக்குண்டு. பசு ஒரு தடவை முகர்ந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. பொம்மையைக் கிணற்றுக்குள் இறக்கினார்கள். பசு கால் பக்கத்துப் புல்லை மேய்ந்தது.

டைரக்டர் தொப்பியைக் கழற்றினார். "போரா" என்றார்.

போரா என்றால் அவர்கள் பாஷையில் போதாது, நன்றாக வரவில்லை என்று அர்த்தம். எங்கள் வீட்டில் போறாது என்போம். இரண்டும் ஒன்றுதான். இதை இங்கே எழுதக் காரணம் இருக்கிறது.

பிறகு அவர் என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். வீட்டுக்காரர் என்னிடம் வந்தார். கன்றைச் சாக்குத் தூளியில் வைத்துக் கொஞ்ச தூரம் உள்ளே இறக்குவார்கள், அது உள்ளேயிருந்து கூப்பிட்டால்தான் இது அழும், தண்ணீருக்கு ஒரு முழம் மேலேயே நிறுத்திவிடுவார்கள் என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். இத்தனைக்கும் அந்தக் கன்று காமிராவில் விழப்போவதே இல்லை. பசுவின் முகம் மட்டும்தான் வேண்டும்.

நான் தூளியை இழுத்துப் பார்த்தேன். கயிற்றைப் பார்த்தேன். படத்தில் தெரியக்கூடாது என்று கறுப்புச் சாயம் தோய்த்த மெல்லிசுக் கயிறு. பலாமரக் கிளையில் ஒரு கப்பி கட்டி, கயிற்றை அதன் வழியாக ஒரு ஓலைத் தட்டிக்குப் பின்னால் கொண்டுபோயிருந்தார்கள். தட்டிக்குப் பின்னால் கயிறு பிடிக்க ஒருவர். நல்ல வயது, உடம்பு இறுகியிருந்தது. மலபார்ப் பக்கம், படகு வேலை செய்து வந்தவர் என்றார்கள். அவருக்குக் கிணறு தெரியாது. குரல் கேட்டுத்தான் விடவேண்டும், நிறுத்தவேண்டும்.

குரல் கொடுக்க ஒரு உதவியாள் கிணற்றடியில் நின்றார். அவர் நிழல் பசுவின் மேல் விழுகிறது என்று காமிராக்காரர் விலகச் சொன்னார். அப்போதுதான் டைரக்டர் என்னைக் காட்டி, அம்யாரு சுவருக்குப் பின்னால் குனிந்து இருக்கட்டும், பசுவும் நிற்கும், ஓட்டை வழியாகப் பார்த்து அவரே சொல்லட்டும் என்றார். எனக்கும் அது சரி என்றே பட்டது. என் கன்று. நான் பார்த்துச் சொல்கிறேன்.

நான் பசுவின் கழுத்துக்குக் கீழே குந்தி உட்கார்ந்தேன். ஒரு கையில் அதன் தும்பு. கண் ஓட்டையில்.

கன்றை இறக்கினார்கள். காமிரா ஓடுகிற சத்தம் கேட்டது. தூளி சுற்றிக்கொண்டே கீழே போனது. சாக்குக்கு வெளியே நாலு காலும் உதைத்தன. பாதிக் கிணறு போனதும் கன்று கூப்பிட்டது. கிணற்றுக்குள் அது பெரிய சத்தமாகக் கேட்டது. பசு கத்தத் தொடங்கியது. என் தலைக்கு மேலே, என் காதுக்குள்ளே. மடியிலிருந்து பால் தானாகச் சொட்டி என் புடவையை நனைத்தது.

தண்ணீருக்கு ஒரு ஆள் உயரம் இருந்தது. பிறகு இரண்டு முழம். ஒரு முழம்.

"போறும்" என்றேன்.

கயிறு நிற்கவில்லை. பசு கத்துவதில் கேட்கவில்லை என்று நினைத்தேன். உரக்கச் சொன்னேன். "போறும், போறும்."

கயிறு வேகமாக ஓடியது.

நான் எவ்வளவு கத்தினேனோ அவ்வளவு வேகமாக ஓடியது. கன்றின் பின்னங்கால் தண்ணீரில் பட்டது. வயிறு முங்கியது. போறும், போறும் என்று தொண்டை கிழியக் கத்துகிறேன். கயிறு உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. கன்றின் குரல் நின்றது. தண்ணீரில் குமிழி வந்தது.

எழுந்து கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தேன். அது ஓடின வேகத்தில் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு போனது. விடவில்லை. சுவரில் காலை முட்டுக் கொடுத்து நின்றேன். கயிறு ஓடாமல் நின்றது தெரிந்து, அதை விட்டுக்கொண்டிருந்தவர் தட்டிக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார்.

"அம்யாரல்லே போரட்டேன்னு பறஞ்ஞது?" நீங்கள்தானே சொன்னீர்கள் என்று.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. போறும் என்றால் எங்களுக்கு, நிறுத்து. பசு கத்தினதில் அவர் காதில் அது போரட்டே என்று விழுந்திருக்கிறது. போரட்டே என்றால் வரட்டும், இன்னும் விடு.

மதி என்று சொல்லியிருக்கவேண்டும். மலையாளத்தில் போதுமென்றால் மதி. எனக்குத் தெரியாததா? சாலைக் கடையில் மிளகு நிறுக்கும்போதும் எண்ணெய் அளக்கும்போதும் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். பயத்தில் வீட்டு வார்த்தைதான் வாயில் வந்தது. போரா என்றால் போறாது, ஆகையால் போறும் என்றால் அவர்களுக்கும் போறும்தான் என்று மனசு எங்கேயோ கணக்குப் போட்டுக்கொண்டது.

"மதி" என்றேன். "வலி." இழு என்று.

அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஓடிவந்து என் கைக்கு மேலே அவர் கையைப் போட்டுக் கயிற்றை இழுத்தார். இருவரும் இழுத்தோம். கயிற்றில் என் ரத்தம் பட்டு வழுக்கியது. கன்று வந்தது. நாக்கு வெளியே தொங்கியது. அவர் அதன் பின்னங்கால் இரண்டையும் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி உதறினார். மூக்கிலிருந்து தண்ணீர் கொட்டியது. கீழே போட்டு விலாவைத் தேய்த்தார். ஒரு புல்லை எடுத்து அதன் மூக்கில் விட்டார். பசு மட்டும் கத்திக்கொண்டிருந்தது. காமிராவும் ஓடிக்கொண்டிருந்தது.

கன்று தும்மியது. இன்னொரு தடவை தும்மியது. கண்ணைத் திறந்தது. பசு அதை நக்கத் தொடங்கியது.

நான் உட்கார்ந்துவிட்டேன். கை எரிந்தது.

டைரக்டர் வந்தார். கெட்டவர் இல்லை. என் கையைப் பார்த்துவிட்டு மருந்து கொண்டுவரச் சொன்னார். பிறகு காமிராக்காரரிடம் பேசினார். பசு அழுதது பிரமாதம் என்றார்கள். ஆனால் நடுவில் நான் எழுந்து நின்றதால் என் உருவம் படத்தில் விழுந்துவிட்டதாம். இன்னும் ஒரு தடவை எடுக்கவேண்டும். இந்தத் தடவை உதவியாளே குரல் கொடுப்பார், நிழல் விழாதபடி படுத்துக்கொள்வார் என்றார்.

என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"கன்னுக்கு ஒண்ணும் ஆகலையே. ஒரே ஒரு தடவைதான், கேட்டயா. எத்தனை பேர் காத்துண்டிருக்கா பார். நாளைக்கு நான் அவர் மூஞ்சியிலே முழிக்கணும்."

கன்று எழுந்து நிற்கப் பார்த்தது. முன்னங்கால் மடங்கி விழுந்தது. பசு மூக்கால் அதை நிமிர்த்தியது. மறுபடி விழுந்தது.

எனக்குக் கல்யாணமாகிப் பதினாலு வருஷம். அவர் சொன்னதற்கு நான் மறுத்துச் சொன்னதில்லை. அத்தனை ஆண்கள் நடுவில் பேசினதும் இல்லை.

"போறும்" என்றேன்.

உரக்கச் சொல்லவில்லை. இந்தத் தடவை எல்லாருக்கும் புரிந்தது.

டைரக்டர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். நான் பசுவின் தும்பை அவிழ்த்தேன். லாரி சாயங்காலம்தான் போகும் என்று கம்பெனி மானேஜர் சொன்னார். கன்றைத் தூக்கப் போனேன். உள்ளங்கை மடங்கவில்லை.

கயிறு பிடித்தவர் வந்து கன்றைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். எங்கே என்று மானேஜர் கேட்டதற்கு அவர் திரும்பவில்லை. அவர் முன்னால் நடந்தார். கன்றைப் பார்த்துக்கொண்டே பசு போனது. பசுவைப் பிடித்துக்கொண்டு நான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருந்தார்.

நல்ல வெயில். தார் உருகியது. ஸ்ரீகாரியம் வரை நடந்தோம். அங்கே ஒரு பீடிக்கடை வாசலில் கன்றை இறக்கிவிட்டுத் தண்ணீர் கேட்டோம். கன்று நின்றது. நாலு காலும் நடுங்கியது, ஆனால் நின்றது. மடியைத் தேடிப் போய் முட்டியது. நடு ரோட்டில் பசு காலை அகட்டிக்கொண்டு நின்றது. பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. நாங்கள் நகரவில்லை. கன்றின் கடைவாயில் நுரை தள்ளும்வரை குடிக்க விட்டோம்.

"ஞான் திரிச்சு போட்டே?" என்று கயிறு பிடித்தவர் என்னிடம் கேட்டார். திரும்பிப் போகட்டுமா என்று.

அவருக்கு வேலை போய்விடுமே என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அவர் கன்று கிடந்த தோளின் ஈரத்தைத் துடைத்தார். தனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, காதுதான் தெரியும், அது இன்று சரியாக இல்லை என்று மலையாளத்தில் சொன்னார். காது சரிதான், என் வாய்தான் பிசகு என்று நான் சொன்னேன். அவர் கும்பிட்டுவிட்டு வந்த வழியே போனார். பெயர் கேட்கத் தோன்றவில்லை.

கன்றுக்கு நாலு நாள் இருமல் இருந்தது. அந்த நாலு நாளும் நான் அதன் விலாவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஐந்தாம் நாள் துள்ளியது. என் கை ஆற ஒரு மாசம் ஆனது. அதுவரை கறக்க முடியவில்லை. முழுப் பாலையும் கன்றே குடித்தது. டைரக்டர் அதற்குப் பிறகு ஹோட்டலுக்கு வரவில்லை. என் வீட்டுக்காரர் அதைப் பற்றி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சாதம் பரிமாறும்போது மட்டும் கையைக் குறுக்கே நீட்டுவார். போறும் என்ற வார்த்தையைக் கொஞ்ச நாள் அவர் சொல்லவே இல்லை.

அடுத்த வருஷம் படம் வந்தது. அவர் மட்டும் போனார். திரும்பி வந்து கால் கழுவிக்கொண்டே சொன்னார். பசு வருகிறதாம். அன்று எடுத்ததில் என் உருவம் விழுவதற்கு முன்பு இருந்த கொஞ்சத்தைத்தான் வைத்திருக்கிறார்களாம். கொட்டகையில் பெண்களெல்லாம் மூக்கைச் சிந்தினார்களாம்.

கன்று விழுவதை எப்படிக் காட்டினார்கள் என்று கேட்டேன்.

"அந்த வைக்கோல் கன்னுதான். தொபுக்குன்னு போட்டுட்டா."

"யாருக்காவது தெரிஞ்சுதா?"

"ஒருத்தருக்கும் தெரியலே."

நான் கொட்டிலுக்குப் போனேன். கன்று இப்போது கன்று இல்லை. கொம்பு முளைத்திருந்தது. புல்லை உதறிப் போட்டேன். இரண்டும் தின்றன.