ஏரிப் பாசியும் விஞ்ஞானி கயல்விழியும்

இன்று காலை உத்திரமேரூரிலிருந்து ஊர் திரும்பும் பஸ்ஸில், பக்கத்து சீட்டில் எங்கள் தெரு மளிகைக்கடை முருகேசன் அண்ணன். மடியில் ஒரு தூக்குவாளி. அதற்குள் பச்சைப் பசேலென்று ஏரிப் பாசி.

"இன்னாண்ணா இது?" என்றேன்.

"உங்க அண்ணிக்குதான். சக்கர மாத்திரைய நிறுத்திட்டு இத்த அரைச்சிக் குடிச்சிக்கினு கீறா. நீயும் படி" என்று போனை நீட்டினார்.

வாட்ஸப் செய்தி. ஏரிப் பாசி சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்று விஞ்ஞானி கயல்விழி கண்டுபிடித்திருக்கிறாராம்.

போன வருடம் நான் எழுதிய அறிவியல் புனைகதை அது. இருநூறு வருடம் கழித்து நடக்கிற கதை. யாரோ அந்த விவரத்தையும் என் பெயரையும் மட்டும் நீக்கிவிட்டுப் பரப்பியிருக்கிறார்கள்.

"அண்ணா, இது நான் எழுதின கதை. கயல்விழின்னு யாரும் கிடையாது. அண்ணிய மாத்திரை போடச் சொல்லுங்க."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நீ கதை எழுதறவன்பா. இது சயின்டிஸ்ட் சொன்னது. உனுக்கு இன்னா தெரியும்?"

இறங்கியதும் செங்கல்பட்டில் வேலை பார்க்கும் அவர் மகளுக்குப் போன் செய்தேன். மாத்திரையை நிறுத்தியதே அவளுக்குத் தெரியாது. மத்தியானமே ஓடிவந்து அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். கால் விரலில் இருந்த புண் முற்றிவிட்டது. விரலை எடுக்க வேண்டியிருக்குமாம்.

சாயங்காலம் பார்க்கப் போனேன். "இந்த மாதிரி பொய்யெல்லாம் எதுக்கு சித்தப்பா எழுதுறீங்க?" என்று மகள் கேட்டாள்.

அந்தக் கதை வெளியான அன்று இங்கே ஃபேஸ்புக்கில்தான் லிங்க் போட்டிருந்தேன். 'நல்ல கற்பனை, ஆனால் நம்பும்படி இல்லை' என்று கமெண்ட் போட்ட நண்பர்களே, இப்போது என்ன சொல்கிறீர்கள்?