கேட்பதற்கு முன்பே திறந்த பை

எங்கள் வீட்டில் பேசுவது ஒடியா. ஆனால் திருப்பூரில் வடக்கிலிருந்து வந்த எல்லோருமே ஹிந்திக்காரர்கள்தான் என்பதால், பள்ளியில் நானும் ஹிந்திக்காரப் பெண் ஆனேன். அப்பா பனியன் கம்பெனியில் அயர்னிங் செய்தார். அம்மா அங்கேயே நூல் பிசிறு வெட்டினார். எனக்கு ஹிந்தியில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராது. அதை யாரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

வகுப்பில் எது காணாமல் போனாலும் முதலில் என் பைதான். பென்சில், ஜாமெட்ரி பாக்ஸ், ஒருமுறை ஒருத்தியின் வெள்ளிக் கொலுசு. எங்கள் கொங்குப் பக்கத்தில் சந்தேகப்படுவதையும் மரியாதையாகத்தான் செய்வார்கள். "கண்ணு, உன்ற பையக் கொஞ்சம் எடுத்துட்டு வா சாமி" என்பார் டீச்சர். பையைக் கவிழ்த்தால் புத்தகங்களோடு, கைக்குட்டைக்குப் பதிலாக அம்மா வைத்துவிடும் பனியன் வேஸ்ட் துணியும் விழும். பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒரு தடவையாவது வேறு யாருடைய பையையாவது முதலில் பார்க்கமாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன்.

ஆரம்பத்தில் அழுதேன். அழுகை எப்போது நின்றது என்று ஞாபகமில்லை. பிறகெல்லாம் யாராவது "காணோம்" என்றாலே நானே பையைத் தூக்கிக்கொண்டு போய் மேசையில் திறந்து வைத்துவிடுவேன். டீச்சருக்கும் வேலை மிச்சம். "சமத்துப் புள்ள" என்று கன்னத்தைத் தட்டுவார்.

இப்போது நானும் டீச்சர். அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் நாலாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். ஸ்டாஃப் ரூமில் எனக்குப் பக்கத்து நாற்காலி அறிவியல் டீச்சருடையது. சேவூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். புதிதாக யார் வந்தாலும், "இந்தப் பொண்ணு வடக்குன்னு சொன்னா நம்புவீங்களா? நம்ம ஊரு புள்ளையாட்டவே பேசும்" என்று என்னைக் காட்டுவார். பிரியமாகத்தான் சொல்வார். நானும் சிரித்துவைப்பேன். அந்த அறையில் எல்லோரையும் போல ஒருத்தியாக இருந்தால் போதும், வேறெதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

போன மாதம் சாப்பாட்டு நேரத்தில் அவருடைய தங்க பிரேஸ்லெட்டைக் காணவில்லை. கை கழுவுவதற்காகக் கழற்றியிருக்கிறார். "இங்கதானுங்க வெச்சேன்" என்று மேசையைத் தடவிக்கொண்டிருந்தார். மற்ற டீச்சர்கள் குனிந்து நாற்காலிக்கடியில் தேடினார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. நான் மட்டும் கைப்பையின் ஜிப்பைத் திறந்து, உள்ளே இருந்ததையெல்லாம் மேசைமேல் பரப்பிக்கொண்டிருந்தேன். சிவப்புப் பேனா, சாக்பீஸ், குடை, டிபன் பாக்ஸ். பாதியில்தான் என்ன செய்கிறேன் என்பதே எனக்குத் தெரிந்தது.

"அய்ய, எதுக்கு கண்ணு இதெல்லாம்?" என்றார் அறிவியல் டீச்சர். சொல்லிக்கொண்டே பக்கத்தில் வந்தார். குடையை எடுத்து லேசாக உதறினார். டிபன் பாக்ஸின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். "ஒன்னும் நெனச்சுக்காத."

"பரவால்லீங்க்கா" என்றேன். கோபம் வரும் என்று சற்று நேரம் காத்திருந்தேன். வரவில்லை.

பிரேஸ்லெட் அவருடைய சாப்பாட்டுக் கூடையிலேயே கிடைத்தது. எல்லோரும் சிரித்தார்கள். நான் என் சாமான்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தேன். மணி அடித்ததும் வகுப்புக்குப் போய் வகுத்தல் கணக்கு நடத்தினேன்.

மறுநாள் சாப்பிட்டு முடித்ததும் குழாயடியில் வைத்து அவர் என்னைக் கூப்பிட்டார். எல்லோரும் அங்கேதான் நின்றிருந்தார்கள். பிரேஸ்லெட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "இதக் கொஞ்சம் புடிச்சுக்க கண்ணு. உங்கிட்ட இருந்தா எனக்குப் பயமில்ல." முதல் நாள் நடந்ததற்கு ஈடு செய்கிறார் என்று புரிந்தது. பாவம், நல்ல மனசு.

வாங்கிக்கொண்டேன். அவர் சோப்புப் போட்டுக் கை கழுவி, வாய் கொப்பளித்து, முந்தானையில் துடைத்து முடிக்கும்வரை என் கையை நீட்டியே வைத்திருந்தேன். விரல்களை மடக்கவே இல்லை. பிரேஸ்லெட் உள்ளங்கையில் எல்லோருக்கும் தெரியும்படி கிடந்தது.