முனியாண்டியை மறித்த அரை மாத்திரை

மலாக்கா புலாவ் செபாங் கோயில் முனியாண்டி சாமி கோபித்துக்கொண்டு லூபோக் சீனா ஊர்ப்பக்கம் போய்விட்டார் என்று சேதி வந்தது. சொன்னவர் முடிவெட்டுகிறவர். கத்தி அவர் கையில் இருந்ததால் உடனே மறுக்க முடியவில்லை. போனதற்குக் காரணம், அரசாங்கக் கிளினிக்கில் கொடுத்த ஒரு மாத்திரையாம். சாமிகள் இடம் மாறுவது நமக்குப் புதிதல்ல. எஸ்டேட் கைமாறும்போதெல்லாம் மாறியிருக்கிறார்கள். மாத்திரைக்குப் பயந்து மாறியவரைத்தான் கேள்விப்பட்டதில்லை. பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன்.

முனியாண்டி இருந்த இடத்திலேயேதான் இருந்தார், மீசையும் அரிவாளுமாக. அவருக்குச் சாமியாடுகிற காளிதாஸ்தான் பழைய காளிதாஸாக இல்லை.

காளிதாஸுக்கு அறுபத்தொரு வயது. முப்பது வருஷம் செம்பனைக் குலை லோரி ஓட்டியவர், இப்போது ஒரு தாமான் குடியிருப்பு வாசலில் காவலுக்கு நிற்கும் ஜாகா. கார் வந்தால் தடுப்புக் கட்டையைத் தூக்குவார், போனால் இறக்குவார். உள்ளே போகிறவர்களில் பாதிப்பேருக்கு அவர் பெயர் தெரியாது. ஆனால் திருவிழா அன்று அதே ஆட்கள் வரிசையில் நின்று அவர் காலில் விழுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக முனியாண்டி அவர்மேல்தான் இறங்கி வந்தார். அந்த ஒரு நாளின் தெம்பில்தான் மற்ற நாளெல்லாம் கட்டையைத் தூக்கினார் என்று அவர் மனைவி ராஜம்மா சொல்கிறார்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. பிழைத்தார். காலையில் அரை மாத்திரை, பிசோப்ரொலோல் என்று எழுதிக் கொடுத்தார்கள். தொண்ணூறில் ஓடிய நாடி ஐம்பத்தெட்டுக்கு வந்தது. கை நடுக்கம் போனது, படபடப்பு போனது. நல்ல மாத்திரை.

திருவிழா வந்தது. உறுமி அடித்தார்கள், சாம்பிராணி போட்டார்கள், சுருட்டைப் பற்றவைத்துக் கொடுத்தார்கள். காளிதாஸ் நின்றார். முக்கால் மணி நேரம், பஸ்ஸுக்கு நிற்பவர் போல நின்றார். உறுமிக்காரருக்குத்தான் வியர்த்தது.

கோயில் தலைவர் திருச்செல்வம், டயர் கடை வைத்திருப்பவர், காதோரம் வந்து கேட்டார்: "என்னா மாமா, சாமிக்கு லைன் கிடைக்கலையா?"

"நெஞ்சு ஏற மாட்டேங்குதுடா. முன்னாடியெல்லாம் உறுமி அடிச்சாலே குதிரை மாதிரி ஓடும். இப்ப மாடு மாதிரி நிக்குது."

மறுநாள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. வதந்தி புறப்பட்ட இடம் இதுதான்.

அடுத்த திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கமிட்டி கூடியது. நாற்காலி வாடகை, அன்னதானம் முடிந்ததும் காளிதாஸின் இருதயத்தை எடுத்துக்கொண்டார்கள். "விரதம்தானே மாமா? கறி வேணாம், மீன் வேணாம். அதோட மாத்திரையும் வேணாம். மூணு நாள்தான் லா" என்றார் திருச்செல்வம். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ராஜம்மா மட்டும், "டாக்டர ஒரு வார்த்தை கேளுங்க" என்றார். பெண்களுக்குக் கமிட்டியில் ஓட்டு இல்லை.

மூன்று நாள் காலையிலும் மாத்திரைக்குப் பதில் திருநீறு.

அந்த வருஷம் முனியாண்டி வந்தார். உறுமி தொடங்கி இரண்டு நிமிஷத்தில் வந்தார். இப்படி ஒரு ஆட்டத்தைப் பார்த்து எத்தனையோ வருஷமாயிற்று என்று கூட்டம் பூரித்தது. முதல் ஆளாகக் குறி கேட்க நின்றவர் மலர்க்கொடி. கணவர் சிங்கப்பூர் வேலைக்குப் போய் எட்டு மாதமாகப் பேச்சுமூச்சில்லை. திரும்பி வருவாரா என்று கேட்டார். காளிதாஸ் எலுமிச்சம்பழத்தை அவர் கையில் வைத்து, "அவன்..." என்றார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அதுவும் ஆட்டத்தில் சேர்த்தி என்று நினைத்துக் கூட்டம் குலவையிட்டது. ராஜம்மா ஒருவர்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

மலாக்கா ஆஸ்பத்திரியில் ஆறு நாள் படுக்கை. வீடு திரும்பும் நாளில், மருந்து கொடுக்கிற உஷாராணி உட்காரவைத்துப் பேசினார்.

"அங்கிள், நீங்க ஜாகாதானே? இந்த மாத்திரையும் ஜாகாதான். பயம், கோபம், உறுமிச் சத்தம் எது வந்தாலும் உடம்பு அட்ரினலின்னு ஒண்ண இருதயத்துக்கு அனுப்பும், வேகமா ஓடுன்னு. மாத்திரை வாசல்ல நின்னு அத உள்ள விடாது. இருதயம் மெதுவா, கஷ்டப்படாம வேலை செய்யும்."

"சரிம்மா."

"ஆனா இருதயம் சும்மா இருக்காது. ஆள் வர்லயேன்னு இன்னும் நாலு வாசல் திறந்து வச்சிக் காத்துக்கிட்டிருக்கும். நீங்க திடீர்னு ஜாகாவ லீவுல அனுப்பினா?"

"எல்லா வாசல்லயும் ஒரேயடியா பூந்துருவாங்க."

"அதான் நடந்துச்சு. நிறுத்தணும்னா டாக்டர் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும். தலை சுத்தினாலோ, நாடி அம்பதுக்குக் கீழ போனாலோ வந்து சொல்லுங்க, நீங்களா நிறுத்தாதீங்க. மூச்சு இழுப்பு இருக்கா? சீனி வியாதி? இருந்தா மறைக்காதீங்க. சீனி இறங்கினா வர்ற படபடப்பக்கூட இது மறைச்சிரும். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தூக்கிக் குடுக்காதீங்க."

காளிதாஸ் கடைசியாக ஒன்று கேட்டார். "வருஷத்துக்கு ஒரே ஒரு நாள், வேற ஏதாச்சும் வழி இருக்காம்மா?"

உஷாராணி ராஜம்மாவைப் பார்த்தார். ராஜம்மா தரையைப் பார்த்தார். "உங்க இருதயத்துக்கு இல்ல அங்கிள்" என்றார் உஷாராணி.

அப்படியானால் இத்தனை வருஷம் வந்தது முனியாண்டியா, அட்ரினலினா? திருச்செல்வத்திடம் கேட்டேன். "ரெண்டும் ஒரே லோரியில வந்திருக்கும், உங்களுக்கு என்னா?" என்றார். மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை. கமிட்டி இப்போது சாமியாட சிம்பாங் அம்பாட் பக்கம் ஓர் இளைஞரைப் பார்த்து வைத்திருக்கிறது. முதல் கேள்வியே, "தம்பி, பிரஷர் இருக்கா?"

காளிதாஸ் தினமும் காலையில் ராஜம்மா எதிரில் அரை மாத்திரையை விழுங்குகிறார். நாடி அறுபது. கட்டை ஏறுகிறது, இறங்குகிறது. "நல்லாத்தான் இருக்கேன்" என்கிறார். யாரும் கேட்காதபோதும் சொல்கிறார்.

நான் போயிருந்த அன்று மலர்க்கொடி காவல் கூண்டுக்கு வந்தார். வாராவாரம் வெள்ளிக்கிழமை, ஃபேக்டரி பஸ்ஸை விட்டு இறங்கியதும் வருகிறாராம்.

"அண்ணே, 'அவன்'னு ஆரம்பிச்சீங்களே. அதுக்கப்புறம் என்னா?"

"எனக்கு நெனவில்ல தங்கச்சி. நான் சொல்லல, அவரு சொன்னாரு."

"அவரக் கேட்டுச் சொல்லுங்க."

"அவரு இனிமே எங்கிட்ட வர முடியாதும்மா."

"வருவான்னா? வரமாட்டான்னா? ஒரு வார்த்தைதானே லா பாக்கி."

பொய்யாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இருபத்திரண்டு வருஷம் முனியாண்டிக்கு வாயைக் கொடுத்தவருக்கு அது வரவில்லை. ஒரு கார் ஹாரன் அடித்தது. காளிதாஸ் எழுந்து கட்டையைத் தூக்கினார். "அடுத்த வாரம் வரேண்ணே" என்று சொல்லிவிட்டு மலர்க்கொடி நடந்தார்.