பெரிய இன்ஜின்தான் வேணும்

பாலக்கோட்டில் என் கணவர் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். ஆசைப்பட்டு, கதவும் கூரையும் இல்லாமல் இரும்புக் குழாயிலேயே மணல்மேட்டில் ஓட்டுகிற 'டூன் பக்கி' வண்டி ஒன்றைக் கட்டினார். அதற்கு ஒரு சின்ன காரின் இன்ஜின். வத்தல்மலை ஏற்றத்தில் அது திணறி நின்றுவிட, நான் இறங்கித் தள்ளினேன். பின்னால் வந்த பஸ்ஸே சிரித்தது.

"ஜீப்பு டீசல் இன்ஜின் போடுங்க. இல்லாட்டி நான் ஏற மாட்டேன்" என்றேன்.

"உனக்கு எதுக்கு இவ்ளோ வேகம்?" என்று முனகிக்கொண்டே மாட்டினார்.

மறுபடி வத்தல்மலை. இந்த முறை ஓட்டியது நான், பக்கத்தில் அவர். மூச்சு வாங்காமல் ஏறியது. இறங்கும்போதுதான், பிரேக்கை மிதித்தால் கால் அடிவரை போனது. இன்ஜினை மாற்றிய நாங்கள் அந்தச் சின்ன பிரேக்கை அப்படியே விட்டிருந்தோம். கனம் தாங்காமல் அது சூடேறிச் செத்துவிட்டது.

"குதிச்சிரு புள்ள!" என்று கத்தினார்.

நான் குதிக்கவில்லை. கியரை இரண்டுக்கு இறக்கி, பிறகு ஒன்றுக்கு இறக்கினேன். பெரிய இன்ஜின் அலறிக்கொண்டே சக்கரங்களை இறுக்கிப் பிடித்தது. வண்டியை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. நடக்கிற வேகத்தில் அடிவாரம் வந்து, ஒரு மண்மேட்டில் முட்டி நிறுத்தினேன்.

டீக்கடையில் இருந்தவர்கள் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்கள். "யாரு கட்டினதுங்க?"

எப்போதும் "நான்தான்" என்று நெஞ்சை நிமிர்த்துபவர், கையில் டீயோடு சொன்னார்: "வண்டி நான் கட்டினதுங்க. இன்ஜின் எங்க வூட்டுக்காரி சொன்னது."

பிரேக்கைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை.

இன்றைக்கும் யாராவது அந்த இன்ஜினைப் பற்றிக் கேட்டால் நான் முந்திக்கொள்வதில்லை. அவர் வாயாலேயே வரட்டும் என்று பக்கத்தில் நிற்கிறேன்.