குட்டைச் சாமந்தி தேடி அடையாறு வரை

ராயப்பேட்டையில் பூந்தொட்டி வியாபாரம் செய்கிறேன். இந்த ஜனவரியில் மயிலாப்பூரில் ஓர் அறுபதாம் கல்யாணத்துக்கு அறுபது சாமந்தித் தொட்டிகள் ஒப்புக்கொண்டிருந்தேன். மேடைப் படிகளில் வைப்பதால் செடி ஓர் அடியைத் தாண்டக் கூடாது. செடியைக் குட்டையாக நிறுத்த டாமினோசைடு என்ற, வளர்ச்சியை அடக்கும் மருந்தை அடித்தேன். கேட்கவில்லை. விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது செடிகள் ஒன்றே முக்கால் அடி.

காலை 6.40க்கு ஒரு தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோ ஏறினேன். அடையாறு ஏழு கிலோமீட்டர், 180 ரூபாய்.

"இன்னா தலைவா, செடிக்கு ஒடம்பு சரியில்லியா?" என்றார் ஓட்டுநர்.

"நல்லாத்தான் கீது. அதான் பிரச்சனை."

7.05க்கு இறங்கினேன். மொட்டைமாடியில் செடி வளர்த்து விற்கும் பர்வீன் எனக்குப் பத்து வருடப் பழக்கம், போட்டியும்தான். அவள் சாமந்திகள் முழங்காலுக்குக் கீழே, குடை விரித்த மாதிரி நின்றன. வயிற்றெரிச்சலாக இருந்தது, மறைப்பானேன்.

"அதே மருந்துதாம்மா அடிச்சேன். லிட்டருக்கு மூணு கிராம்."

"அளவு சரிதாண்ணா. எப்ப அடிச்சீங்க?"

"காலையில ஆறு மணிக்கு."

"அப்பறம்?"

"அப்பறம் இன்னா, கடை தொறக்கச்சொல்ல எப்பவும்போல தண்ணி தெளிச்சேன். இலை பளபளன்னு இருந்தாத்தானே வாங்கறவன் நிப்பான்."

பர்வீன் தலையில் கைவைத்துக்கொண்டாள். "அது இலை வழியாதாண்ணா உள்ள போவும். நீங்க அடிச்சீங்க, நீங்களே கழுவி உட்டீங்க! சாக்கடைதான் வளராம நின்னுருக்கும்."

"இப்போ திரும்ப அடிச்சா?"

"ஏறினது எறங்குமா? மொட்டும் வந்துடிச்சி. சும்மா உடுங்க."

இருபத்து நான்கு குட்டைத் தொட்டிகள் தருவதாகச் சொன்னாள், அவள் சொன்ன விலைக்கு. பேரம் பேசும் நிலையில் நான் இல்லை.

அங்கிருந்து மயிலாப்பூர் ஐந்து கிலோமீட்டர், 140 ரூபாய். 8.30க்கு விழா வீட்டு மாமியிடம் நெட்டைத் தொட்டியை நேராகக் காட்டி, தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். விழாவன்று தெரிவதைவிட இன்றே திட்டு வாங்குவது லாபம்.

"இதை மேடையில வெச்சா நானும் அவரும் காட்டுக்குள்ள நிக்கறாப்ல இருக்குமே!" என்றார் மாமி.

"மேடைப் படிக்கு இருபத்து நாலு குட்டை மாமி. நெட்டை எல்லாம் வாசல்ல ரெண்டு பக்கமும் வரிசையா நிக்கட்டும்."

கொஞ்சம் யோசித்தார். "வாடாம இருக்கணும், சொல்லிட்டேன்" என்று காபி கொடுத்தார். ஆர்டர் நிலைத்தது.

இதே வேலையாக அடையாறு போகிறவர்கள் எட்டு மணிக்குள் போய்விடுங்கள். அப்புறம் ஆட்டோ நகராது. மருந்தைப் பொறுத்தவரை: நுனி கிள்ளியபின் வரும் புதுத் தளிர் இரண்டு விரற்கடை இருக்கும்போது, சாயங்காலத்தில் அடியுங்கள். மறுநாள் சாயங்காலம் வரை இலையில் சொட்டுத் தண்ணீர் படக் கூடாது, மண்ணில் ஊற்றலாம். கையுறை அவசியம். அளவுக்கு மருந்துப் பொட்டலத்தில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள், சமையலுக்கான செடிப்பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

விழாவன்று போயிருந்தேன். மேடையில் இருவர் முகமும் நன்றாகத் தெரிந்தது. வாசலில் ஒருவர் என் தோளைத் தட்டி, "இவ்ளோ ஒசரமா சாமந்தி எங்க சார் கிடைக்குது?" என்றார். கடை விலாசம் சொன்னேன். எப்படி வளர்த்தேன் என்று சொல்லவில்லை.